"அடுத்த பிளானுக்கு மாறுங்க சார்": மெதுவான வீட்டு நெட்டுக்கு விற்கப்படும் மருந்துகள், ஒரு விமர்சனம்

நெட் ஸ்லோவாக இருக்கிறது என்று கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், மறுமுனையில் இருப்பவர் கோளாறைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே ஒன்று கேட்பார்: "இப்ப எந்தப் பிளான்ல இருக்கீங்க சார்?" அங்கிருந்து பேச்சு ஒரே தடத்தில் ஓடும். பிளான் பழசு, வீட்டில் சாதனங்கள் அதிகம், அடுத்த பிளானுக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும். மசியவில்லை என்றால் புது ரவுட்டர். அதுவும் வேண்டாமென்றால் வைஃபை பூஸ்டர், கேமிங் பேக், ஸ்டேட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி). இங்கே விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது இந்தச் சரக்குகளைத்தான். இவற்றில் எதுவும் சுத்தப் பொய் இல்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கோளாறுக்குக் கேட்கும் மருந்துதான். உங்கள் வீட்டில் இருப்பது அந்தக் கோளாறா என்று யாரும் பார்ப்பதில்லை, சிக்கல் அங்கேதான்.

கேபிள் போட்டுப் பார்க்காமல் பேச்சே வேண்டாம்

எதை வாங்குவதற்கு முன்பும் ஒரு சோதனை. ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து லேப்டாப்புக்கு நேராக ஒரு கேபிள் போடுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் எந்த வழியாக அளக்கிறோம் என்றே தெரியாது. விபிஎன் ஓடினால் அதையும் நிறுத்துங்கள். வீட்டிலுள்ள போன், டிவி, கேமரா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றுவதைவிட, ரவுட்டரின் வைஃபையையே ஐந்து நிமிடம் அணைத்துவைப்பது சுலபம். பிறகு ஸ்பீட் டெஸ்ட். காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று, இரவு 8 முதல் 11 மணிக்குள் ஒன்று. இப்படி மூன்று நாள். டவுன்லோட், அப்லோட், பிங் (சர்வருக்குப் போய்வர ஆகும் நேரம்) மூன்றையும் நேரத்தோடு குறித்துவையுங்கள்.

எந்த சர்வரோடு அளக்கிறோம் என்பதும் முக்கியம். ஸ்பீட்டெஸ்ட் தளம் தானாகத் தேர்ந்தெடுக்கும் சர்வர் பெரும்பாலும் மிக அருகில், சில சமயம் உங்கள் நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும். அதில் வரும் எண் வீட்டிலிருந்து அவர்கள் வாசல் வரைக்கும்தான் செல்லும். பட்டியலைத் திறந்து வேறொரு நிறுவனத்தின் சர்வரைக் கையால் தேர்ந்து இன்னொரு முறை ஓட்டுங்கள். நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காம் அவர்களுடைய சர்வர்களிலிருந்தே தரவை இழுத்து அளக்கிறது. முதல் சோதனை 200 காட்ட, இது 30 காட்டினால் உங்கள் வயர் நன்றாகத்தான் இருக்கிறது. நிறுவனம் வெளியுலகோடு இணையும் இடத்தில் நெரிசல். அதற்கு 300 பிளான் வாங்குவது, ஊர் எல்லையில் டிராஃபிக் ஜாம் என்பதற்காக வீட்டு வாசல் கேட்டை அகலப்படுத்துவது மாதிரி.

எண்ணைப் படிக்கும்போது ஒரு பழைய குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். பிளானில் எழுதியிருப்பது மெகாபிட் (எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு இத்தனை மெகாபிட்). டவுன்லோட் பெட்டியில் ஓடுவது மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் பிளானில் கோப்பு நொடிக்கு 11 முதல் 12 மெகாபைட் இறங்கினால் அது சரியான வேகம். கோளாறு எதுவும் இல்லை. இது தெரியாமல் புகார் கொடுத்து அப்கிரேட் வாங்கிக்கொண்டு வருபவர்கள் ஏராளம்.

94 என்ற எண்

தனித்தலைப்பு கொடுக்கும் அளவுக்கு அடிக்கடி வருகிற கோளாறு இது. பிளான் 200 அல்லது 300. ஆனால் கேபிளில் அளந்தால் காலை, மாலை, நள்ளிரவு என எப்போதும் 93, 94, 95. நெரிசலாக இருந்தால் எண் ஏறி இறங்கும். இப்படி ஆணி அடித்தது போல நின்றால், வழியில் எங்கோ ஓர் இணைப்பு 100 எம்பிபிஎஸ் ஈத்தர்நெட்டாக (லேன் கேபிள் இணைப்பாக) விழுந்துகிடக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் ஒட்டிவரும் முகவரித் தகவல்களின் சுமை போக அதில் மிஞ்சுவது சுமார் 94.

காரணங்கள் மூன்று. ஒன்று, கேபிள். லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடி, அதாவது எட்டு கம்பிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பி போதும். கிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) எட்டும் வேண்டும். 4, 5, 7, 8இல் ஒன்று அறுந்திருந்தாலும் இரு முனைகளும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். நெட் வேலை செய்துகொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கதவிடுக்கில் நசுங்கிய கேபிள், கிளிப் உடைந்து போர்ட்டில் லொடலொடவென்று நிற்கும் முனை, அவசரத்தில் சரியாகக் கிரிம்ப் செய்யாத (அழுத்திப் பொருத்தாத) முனை ஆகிய மூன்றும் வழக்கமான குற்றவாளிகள். இரண்டு, போர்ட். மலிவான ஃபைபர் பெட்டிகள் (ஃபைபரில் வரும் ஒளியை நெட்டாக மாற்றுபவை) பலவற்றில் ஒரு லேன் போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை 100. முதல் போர்ட்டில் டிவி பெட்டி மாட்டியிருக்கும். ரவுட்டர் இரண்டாவதில் தொங்கும். மூன்று, லேப்டாப்பில் மாட்டிய யுஎஸ்பி லேன் அடாப்டர். பழைய அடாப்டர்கள் 100க்கு மேல் போகாது.

கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க், அதற்குள் ஈத்தர்நெட் திறந்தால் லிங்க் ஸ்பீட் என்று ஒரு வரி இருக்கும். 1000/1000 என்றால் நல்லது. 100/100 என்றால் கேபிளை மாற்றுங்கள், பிறகு போர்ட்டை மாற்றுங்கள், பிறகு அடாப்டரை. கேட் 5இ வகைக் கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். வீட்டுக்குள் கேட் 7, கேட் 8 என்று விலை ஏற்றி விற்கப்படுபவை தேவையில்லை. ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவிலுள்ள ஒரு சாண் கேபிளையும் மறக்காமல் மாற்றிப் பாருங்கள். எல்லோரும் லேப்டாப் பக்கக் கேபிளைச் சந்தேகிப்பார்கள். பெட்டியோடு வந்த அந்தக் குட்டிக் கேபிளை யாரும் தொடமாட்டார்கள்.

இந்தக் கோளாறோடு அப்கிரேட் செய்தால், 500 பிளானிலும் அதே 94தான்.

நாள் முழுக்க ஸ்லோவா, ராத்திரி மட்டும் ஸ்லோவா

கேபிளில் அளந்த எண் எந்நேரமும் பிளானுக்குக் கீழே, அதுவும் ஏறி இறங்கிக்கொண்டு இருந்தால் வெளி வயரில் கோளாறு. ஃபைபராக இருந்தால் பார்க்கவேண்டியது ஒளியின் அளவு. பெட்டியின் அட்மின் பக்கத்தில் (பிரவுசரில் திறக்கும் அமைப்புகள் பக்கம்) ஆப்டிகல் அல்லது பான் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் பலம்) என்று ஒரு எண் இருக்கும். ஒரு ஃபைபரைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும் ஜிபான் இணைப்பில் பொதுவாக மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம்முக்குள் (பலத்தை அளக்கும் அலகு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகப் பலம் குறைவு) இருந்தால் நிம்மதி. மைனஸ் 27 பக்கம் போனால் பெட்டி திணறும். தவறுகள் பெருகும், இணைப்பு அவ்வப்போது விழும். சிவப்பு லாஸ் விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை.

ஒளி குறைவதற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். ஒன்று மடிப்பு: மேசைக்குப் பின்னால் ஃபைபரை ஆணியில் சுற்றி மாட்டியிருப்பார்கள். இறுக்கமான வளைவில் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும். இன்னொன்று அழுக்கு. ஃபைபரின் நடுவே ஒளி ஓடும் பாதையின் விட்டம் சுமார் 9 மைக்ரான்தான். கழற்றி மாட்டும்போது விரல் பட்ட ஒரு தடம் போதும், வழி அடைபட. பச்சை நிற முனையும் நீல நிற முனையும் ஒரே சாக்கெட்டில் இடிக்காமல் நுழையும். ஆனால் பச்சையின் முகம் சாய்வாகச் சீவப்பட்டது, நீலம் அப்படி இல்லை. இரண்டையும் கோத்தால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். துடைப்பது டெக்னீஷியனின் வேலை. இயக்கத்தில் உள்ள ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத லேசர் அது.

கேபிள் டிவி வயரில் வரும் கோ ஆக்ஸ் இணைப்பென்றால் மோடத்தின் அட்மின் பக்கத்தில் டவுன்ஸ்ட்ரீம் பவர் (வந்து சேரும் சிக்னலின் பலம்) மைனஸ் 7க்கும் பிளஸ் 7க்கும் நடுவே இருக்கவேண்டும். நடுவில் தேவையில்லாத ஸ்பிளிட்டர் (வயரை இரண்டாகப் பிரிக்கும் துண்டு) இருந்தால் ஒவ்வொன்றும் சுமார் 3.5 டெசிபெல் தின்னும். முதலில் அதைக் கழற்றுங்கள். தொலைபேசி வயரில் வரும் டிஎஸ்எல் என்றால் தூரம்தான் விதி. எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளிப் போகப் போக வேகம் சரியும், எந்தப் பிளானும் அதை மாற்றாது.

பகலில் முழு வேகம், இரவில் கால்வாசி என்றால் அது நெரிசல். ஜிபான் ஒரு போர்ட்டில் கீழ்நோக்கிச் செல்வது மொத்தம் 2.488 கிகாபிட், மேல்நோக்கி 1.244. அதை 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. 64 வீட்டுக்கும் ஆளுக்கு 100 என்று விற்றால் கணக்கில் 6.4 கிகாபிட். எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுப்பதில்லை என்பதால் இப்படி விற்பது தொழிலில் இயல்பு, தவறும் இல்லை. ஆனால் அங்கிருந்து மேலே போகும் இணைப்பைப் பெரிதாக்காமல் வீடுகளை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால் இரவில் மூச்சு முட்டும். பிளான் என்பது நிறுவனத்தின் கருவியில் உங்கள் பெயருக்கு நேரே எழுதப்பட்ட உச்சவரம்பு. வரம்பை 100இலிருந்து 200 ஆக்கினால், நிரம்பி வழியும் குழாயில் புதிதாகத் தண்ணீர் பிறக்காது. இரவு நெரிசலுக்கு அப்கிரேட் விற்பதுதான் இந்த வியாபாரத்தில் மிக மோசமான விற்பனை.

சரக்கு 1: அடுத்த பிளான்

எவ்வளவு வேகம் வேண்டும் என்பதைக் கூட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். 4கே வீடியோவுக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ், 1080 தரத்துக்கு 5. ஒரு வீடியோ காலுக்கு 3 அல்லது 4. ஆன்லைன் விளையாட்டு ஓடும்போது பெரும்பாலும் 1கூட ஆகாது; அதை டவுன்லோட் செய்யும்போதுதான் தின்னும். இரண்டு டிவியில் 4கே, இரண்டு பேர் மீட்டிங்கில், ஒருவர் விளையாட்டில் என்றாலும் 40ஐத் தாண்டாது. 100 பிளானில் இருக்கும் வீட்டில் இவ்வளவு நடந்தும் பஃபரிங் என்றால் குற்றவாளி பிளான் இல்லை. வலைப்பக்கம் திறப்பதும் அப்படித்தான். கொஞ்சம் வேகம் வந்த பிறகு, பக்கம் திறக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது சர்வரோடு நடக்கும் போக்குவரத்தின் தாமதம். 100ஐ 200 ஆக்கினால் பக்கம் பாதி நேரத்தில் திறந்துவிடாது.

பிளான் உயர்த்துவது நிஜமாகவே பயன்படும் இடங்களும் உண்டு. முதலாவது அப்லோட். விளம்பரத்தில் டவுன்லோட் எண் பெரிதாக இருக்கும். அப்லோட் எண் அடியில் சின்ன எழுத்தில், சில நேரம் பத்தில் ஒரு பங்கு. 5 ஜிபி வீடியோ ஒன்றை 10 எம்பிபிஎஸ்ஸில் ஏற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 50இல் கால் மணி நேரத்துக்குள் முடியும். வீட்டிலிருந்து எடிட்டிங், பேக்கப், கேமரா என்று இருந்தால் அப்லோட் எண்ணைப் பார்த்து மாறுங்கள். டவுன்லோட் எண்ணை மறந்துவிடுங்கள்.

இரண்டாவது டேட்டா வரம்பு. பில் சுழற்சியின் கடைசி வாரத்தில் மட்டும் நெட் நொண்டினால், நியாயப் பயன்பாட்டு வரம்பைத் தாண்டியதால் வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். இங்கே பெரிய பிளான் உதவும். ஆனால் எது தின்கிறது என்று முதலில் பாருங்கள். கிளவுடில் பதிவாகும் ஒரே ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் வீதம் இடைவிடாமல் ஏற்றினால் நாளொன்றுக்கு 21.6 ஜிபி, மாதம் 648 ஜிபி. அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு என்று அமைப்பை மாற்றினாலே பெரும்பகுதி குறைந்துவிடும்.

சரக்கு 2: வாடகை ரவுட்டர்

கேபிளில் முழு வேகம், வைஃபையில் நொண்டல் என்றால் கோளாறு வீட்டுக்குள். நிறுவனம் இதற்கு மாத வாடகையில் ஒரு புது ரவுட்டர் நீட்டும். வாங்குவதற்கு முன் செலவில்லாமல் செய்யவேண்டியவை சில.

போன் எந்த அலைவரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், தூரம் போகும், ஆனால் மெதுவானது. பக்கத்து வீடுகள், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்தில்தான். இரண்டு ஆண்டெனா உள்ள 802.11என் வகை வைஃபையில் (வைஃபை 4), 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், கணக்குக்கு 144 எம்பிபிஎஸ். கைக்கு வருவது அதில் பாதி. 5 கிகாஹெர்ட்ஸில் அதே இரண்டு ஆண்டெனாவுக்கு, 802.11ஏசி வகையில் (வைஃபை 5) 80 மெகாஹெர்ட்ஸில் கணக்கு 867. ஒரே அறையில் 500 வரை எதிர்பார்க்கலாம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் போன் சில நேரம் 2.4இலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். பெயர்களைப் பிரித்து வைத்து, டிவி, லேப்டாப், போன் ஆகியவற்றை 5இல் சேருங்கள். ஸ்மார்ட் பல்பும் பிளக்கும் 2.4இல் இருக்கட்டும்.

2.4இல் சானலை ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வையுங்கள். இவை மட்டுமே ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. 3 அல்லது 9 என்று வைத்தால் இரண்டு பக்கத்துச் சண்டையிலும் மாட்டிக்கொள்வீர்கள். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 40 வைத்தால் அக்கம்பக்கம் நெருக்கமான இடத்தில் இழப்பே அதிகம்.

இனி, பலர் பார்க்காமல் விடும் ஒரு வரி. வைஃபை பாதுகாப்பில் டபிள்யூபிஏ2 என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவோம். அதற்குப் பக்கத்திலேயே என்கிரிப்ஷன் என்ற பெட்டியில் டிகேஐபி (பழைய குறியாக்க முறை) என்று இருந்தால், 802.11என் வகை மற்றும் அதற்குப் பிந்தைய வேகங்கள் எதுவும் வேலை செய்யாது. இணைப்பு 54 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும், கையில் கிடைப்பது 20 சொச்சம். அதை ஏஇஎஸ் (புதிய முறை) என்று மாற்றினால் அதே ரவுட்டர் வேறு ரவுட்டராகிவிடும். ஏதோ ஒரு பழைய சாதனத்துக்காக எப்போதோ மாற்றிவைத்து மறந்துபோன அமைப்பு இது.

ரவுட்டர் இருக்கும் இடம். டிவிக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்குள், மின்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் எந்த ரவுட்டரும் ஊமைதான். வீட்டின் நடுப்பகுதியில், தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். ஃபைபர் முனை மூலையில்தான் இருக்கிறது என்றால் பெட்டியை அங்கேயே விட்டு, ஒரு நீளமான லேன் கேபிள் இழுத்து ரவுட்டரை மட்டும் நடுவுக்குக் கொண்டுவரலாம்.

இத்தனைக்கும் பிறகு புது ரவுட்டர் அவசியமாவது எப்போது? 2.4 மட்டும் உள்ள பழைய பெட்டி, 100 போர்ட் உள்ள பெட்டி, வாரம் தவறாமல் தொங்கி ரீஸ்டார்ட் கேட்கும் பெட்டி. கடைசி வகைக்கு முன்னால் பவர் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்; தளர்ந்த அடாப்டர்தான் பல ரவுட்டர்களின் மரணத்துக்குப் பழி சுமக்காமல் தப்பிக்கிறது. வைஃபை 6 என்று பெட்டியில் அச்சடித்திருந்தாலும் உங்கள் போன் பழைய வகையாக இருந்தால் பேச்சு பழைய மொழியில்தான் நடக்கும். வாடகையை ஒப்பந்த மாதங்களால் பெருக்கி, கடை விலையோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் சொந்தமாக வாங்குவதே லாபம். சொந்த ரவுட்டர் மாட்டும்போது நிறுவனப் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலை செய்யாமல் நெட்டை மட்டும் கடத்தும் நிலை) போடச் சொல்லுங்கள்; மறுத்தால் உங்கள் ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் (வைஃபையை மட்டும் பரப்பும் நிலை) வையுங்கள். இரண்டும் ரவுட்டராகவே ஓடினால் விளையாட்டும் சில கால் செயலிகளும் தகராறு செய்யும்.

சரக்கு 3: பூஸ்டர், மெஷ்

சுவரில் குத்தும் ஒற்றை அலைவரிசை பூஸ்டர் வேண்டாம். அது ஒரே ரேடியோவில் கேட்டதையே திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகும். சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரியும், வேகம் வராது. வாங்கியவர் திருப்தியோடு ஏமாறுவது இதில்தான். அதுவும் சிக்னலே வராத அறையில் குத்திவைத்தால் இல்லாததை எங்கிருந்து பெருக்கும்? வைஃபை அனலைசர் செயலியில் மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிட நல்ல எண் காட்டும் இடத்தில்தான் எந்தப் பெட்டியையும் வைக்கவேண்டும். மைனஸ் 75க்குக் கீழே வீடியோ கால் தடுமாறும்.

மெஷ், அதாவது பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையைப் பரப்பும் அமைப்பு, நல்ல சாதனம். ஆனால் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே லேன் கேபிள் போட்டால்தான் அதன் முழு மதிப்பு வரும். கேபிள் இழுக்க முடிகிற வீட்டில், மெஷ் வாங்காமலேயே ஒரு பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றி மறுமுனையில் மாட்டினால் அதே வேலை நடக்கும். மூன்று பெட்டி மெஷ் என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். சாதாரண வீட்டுக்கு இரண்டே போதும். பெட்டிகள் நெருங்க நெருங்க ஒன்றின் காற்றுவெளியை ஒன்று தின்னும்.

சரக்கு 4: கேமிங் பேக்

லோ பிங் என்று விற்கப்படுவது. ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். சர்வர் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 10 மில்லிசெகண்ட் ஆகியே தீரும். எந்தப் பேக்கும் இதைக் குறைக்காது. நிறுவனம் நல்ல பாதையில் திருப்பிவிட்டால் சுற்றுவழி கொஞ்சம் மிச்சமாகலாம், அவ்வளவுதான்.

விளையாட்டும் காலும் கெடுவதற்கு வழக்கமான காரணம் வேறு. சோதித்துப் பாருங்கள். லேப்டாப்பில் ஒரு கமாண்ட் ஜன்னலில், கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.1 முகவரிக்கு பிங் ஓடட்டும். 10 மில்லிசெகண்ட் என்று வந்துகொண்டிருக்கும். இன்னொரு ஜன்னலில் ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். அப்லோட் ஓடும்போது பிங் 200, 300 என்று எகிறினால், யாரோ ஒருவரின் போன் போட்டோக்களை கிளவுடுக்கு ஏற்றும் ஒவ்வொரு முறையும் உங்கள் மீட்டிங் திக்கும். பெட்டிக்குள் இருக்கும் பெரிய வரிசையில் உங்கள் குரலும் போட்டோக்களுக்குப் பின்னால் நிற்கிறது. இதற்கு பஃபர்புளோட் என்று 2010இல் பெயர் வைத்தவர் புரோகிராமர் ஜிம் கெட்டிஸ். வரிசையைச் சுருக்கிவைக்கும் கோடெல் முறையை 2012இல் நெட்வொர்க் ஆய்வாளர்கள் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்டார்கள். இன்று பல ரவுட்டர்களில் எஸ்க்யூஎம் அல்லது ஸ்மார்ட் க்யூ என்ற பெயரில் இது இருக்கிறது. அதை இயக்கி, அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை டவுன்லோடுக்கும் அப்லோடுக்கும் தனித்தனியாக நிரப்புங்கள். அப்லோட் 20 என்றால் 17 அல்லது 18. வரிசை நிறுவனப் பெட்டியில் சேராமல் உங்கள் ரவுட்டருக்குள் சேர்வதற்காகத்தான் இந்தக் குறைப்பு. ஸ்பீட் டெஸ்டில் கொஞ்சம் குறைந்து தெரியும், கால் தெளியும். சின்ன ரவுட்டர்களின் பிராசசர் 300, 400க்கு மேல் இதைத் தாங்காமல் போகலாம், அப்போது அப்லோடுக்கு மட்டும் போட்டால் போதும்.

மற்ற சில்லறைகள்

ஸ்டேட்டிக் ஐபி வேகத்தைக் கூட்டாது. ரவுட்டரின் வேன் முகவரி (வெளிப்பக்க இணைய முகவரி) 100.64இல் தொடங்கி 100.127 வரைக்குள் இருந்தால், பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பங்கிடுகின்றன என்று பொருள். வீட்டு கேமராவையோ சர்வரையோ வெளியிலிருந்து நேராக எட்டவேண்டியவர்களுக்கு மட்டும் ஸ்டேட்டிக் ஐபி செலவழிக்கத் தக்கது. அவர்களும் ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) கிடைக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். டிஎன்எஸ் (தளத்தின் பெயரை இணைய முகவரியாக மாற்றித்தரும் சேவை) மாற்றினால் பக்கம் திறக்கத் தொடங்குவது கொஞ்சம் விரைவாகலாம், டவுன்லோட் வேகம் மாறாது. இதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஆன்டிவைரஸ் பேக், ஓடிடி மூட்டை இரண்டும் நெட் கோளாறுக்குச் சம்பந்தமில்லாதவை.

போனில் பேசும் விதம்

ரீஸ்டார்ட் செய்யச் சொன்னால் செய்துவிடுங்கள்; செய்யாமல் அடுத்த கட்டத்துக்குப் போகவிடமாட்டார்கள். பிறகு பேச்சை எண்ணுக்குள் இழுங்கள்.

"சார், உங்க ஏரியாவுல இப்ப புது ஆஃபர் வந்திருக்கு, 300க்கு மாறிட்டா..."

"ஆஃபர் அப்புறம் பேசலாம்ங்க. கேபிள்ல அளந்தேன். மூணு நாளா ராத்திரி 9 மணிக்கு 22 வருது, காலைல 98 வருது. என் பான் போர்ட் லோடு எவ்வளவுன்னு பாருங்க. ஆர்எக்ஸ் பவர் உங்க சிஸ்டத்துல என்ன காட்டுது? கம்ப்ளெயின்ட் நம்பர் கொடுங்க."

வைஃபை என்ற சொல்லையே வாயில் எடுக்காதீர்கள். எடுத்தால் கோளாறு உங்கள் வீட்டுக்குள் என்று டிக்கெட்டை (பதிவான புகாரை) மூடிவிடுவார்கள். பிளான் மாறிய பிறகும் பழைய வேகமே வந்தால், "புரொஃபைல் அப்டேட் ஆகியிருக்கா?" என்று கேளுங்கள், பில்லில் 200, கருவியில் 100 என்று நிற்பது அபூர்வமில்லை.

அப்கிரேட் எடுப்பதென்று முடிவானால் எழுத்தில் வாங்கவேண்டியவை: ஒப்பந்தக் காலம் புதிதாக முதலிலிருந்து ஓடுமா, ஆஃபர் முடிந்த பிறகு கட்டணம் என்ன, அப்லோட் எவ்வளவு, வரம்பு தாண்டினால் வேகம் எவ்வளவு, இடையில் விலகினால் என்ன பிடித்தம், பழைய பிளானுக்குத் திரும்ப முடியுமா. "அப் டு" என்ற சொல்லுக்குப் பின்னாலிருக்கும் குறைந்தபட்ச வேகத்தையும் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு விதி, நிலையான இணைப்பு ஒப்பந்தங்களில் குறைந்தபட்சம், வழக்கமாகக் கிடைப்பது, அதிகபட்சம், விளம்பர வேகம் என நான்கையும் எழுதவேண்டும் என்கிறது. அப்படி விதி உள்ள இடத்தில் உங்கள் மூன்று நாள் குறிப்பு புகாருக்கு ஆதாரமாகும்.

டெக்னீஷியன் வந்தால் போனில் வைஃபை டெஸ்ட் காட்டிவிட்டுப் போக விடாதீர்கள். பவர் மீட்டரை வீட்டு முனையில் வைத்து ஒரு அளவு, வெளிப்பெட்டியில் ஒரு அளவு எடுக்கச் சொல்லுங்கள். வெளியே மைனஸ் 18, உள்ளே மைனஸ் 26 என்றால் நடுவிலுள்ள வயரிலோ முனையிலோதான் கோளாறு. முனையை வெட்டிப் புதிதாகப் போட்டு மறுபடி அளக்கவேண்டும். இரண்டும் ஒன்றுபோல் மோசமென்றால் வேலை வீட்டுக்கு வெளியே, அவர் இன்னொரு டிக்கெட் போட்டாக வேண்டும். கேபிளில் மாட்டிய லேப்டாப்பில் எண் வந்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் கையெழுத்து அல்லது ஓடிபி. ஓடிபி கொடுத்த அடுத்த நிமிடம் டிக்கெட் மூடப்பட்டுவிடும், அதன்பின் போன் போட்டால் மறுபடியும் முதலிலிருந்து, "இப்ப எந்தப் பிளான்ல இருக்கீங்க சார்?"